பிடில் வித்வான் துவாரம் வேங்கடசாமி நாயுடு

நம் சங்கத்து ஆண்டு விழாக்களில் இசைக் கச்சேரி கேட்டு மகிழாத குடும்பம் இக்காலனியில் இல்லை எனலாம். மேடையின் நடுவே பாடகர் வீற்றிருப்பார். ஒருபுறம் பிடில், மறுபுறம் மிருதங்கம், பின்னால் தம்பூரா. விழா அழைப்பிதழில் பாடகர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பிடில் வாசிப்பவர் பெயரோ அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரியாக நிற்கும். ஒலிபெருக்கிக்காரரும் பாடகருக்குரிய மைக்கைச் சரி செய்த பிறகே, நேரமிருந்தால், பிடிலின் பக்கம் திரும்புவார். இது நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், அந்தச் சிறிய எழுத்துக்குரிய வாத்தியத்தை மேடையின் நடுவே அமர்த்தி, வாய்ப்பாட்டு இன்றியே ஒரு முழுக் கச்சேரியை நிறைவாக நடத்த இயலும் என்று நாடறியக் காட்டிய மேதை ஒருவரைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை வரையலானோம். அவர்தாம் துவாரம் வேங்கடசாமி நாயுடு அவர்கள்.

அவர் தமிழரல்லர், தெலுங்கர். தமிழ்ச் சங்க மலரில் அவருக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். காவிரிக் கரையில், திருவையாற்றில் வாழ்ந்த தியாகையர் தெலுங்கிலே பாடினார். அவற்றை நாம் நம்முடையவை என்றே போற்றி வருகின்றோம். சங்கீதத்தில் இந்த வேலி என்றும் இருந்ததில்லை. அன்றியும், நாயுடு அவர்களின் கதை நம்மைப் போன்றவர்களுக்குச் சற்று நெருக்கமான கதை. ஓர் ஊரில் பிறந்து, தகப்பனாரின் உத்தியோகத்தை ஒட்டி வேறோர் ஊரில் வளர்ந்து, மூன்றாவது ஊரில் மாதச் சம்பளத்திற்கு வேலை பார்த்து, அவ்வேலையினூடே தம் கலையை வளர்த்தவர் அவர். வடக்கே பிழைக்க வந்த நமக்கு அவ்வாழ்வின் போக்கு புதிதன்று.

அவருடைய வரலாற்றைக் கூறுமுன் பிடிலின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். பிடில் நம் நாட்டு வாத்தியமன்று. ஐரோப்பியரோடு கப்பலில் வந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் இளைய சகோதரரான பாலுஸ்வாமி தீட்சிதர், சென்னைக்கு அண்மையிலுள்ள மணலியில் வாழ்ந்த காலத்தில், ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்றாண்டுகள் பிடில் பயின்று, அதில் நம் இராகங்களை வாசிக்கலானார். பின்னர் அவர் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக விளங்கி 1859-இல் மறைந்தார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலுவும் இவ்வாத்தியத்தில் வல்லவர். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்கு 1834-இல் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார். வெள்ளையர் பிடிலை மோவாயின் கீழ் இடுக்கிக் கொண்டு நின்றபடி வாசிப்பர். நம்மவர் சப்பணமிட்டு அமர்ந்து, அதன் தலையை வலது பாதத்தின் மேல் சாய்த்து, மறு நுனியை மார்பிலும் தோளிலும் பொருத்திக் கொண்டனர். இதனால் இடது கை வாத்தியத்தைத் தாங்கும் சுமையினின்று விடுபட்டது. தந்தியின் மேல் தங்கு தடையின்றி வழுக்கிச் செல்ல முடிந்தது. கமகம் என்பதே அந்த வழுக்கலில்தானே உள்ளது! நான்கு தந்திகளையும் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், மேல் பஞ்சமம் என்று சுருதி கூட்டினர். ஒரு நூற்றாண்டுக்குள், பாட்டுக்குத் துணையாக இருந்த வீணையின் இடத்தை இந்த அயல்நாட்டு வாத்தியம் பிடித்துவிட்டது. திருக்கோடிக்காவல் கிருஷ்ணையர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை முதலிய ஜாம்பவான்கள் தோன்றி அதன் பெருமையை உயர்த்தினர். எனினும் அதன் இடம் பக்கத்து இடமாகவே இருந்துவந்தது.

இந்நிலையில் 1893-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், தீபாவளித் திருநாளன்று, பெங்களூரில் வேங்கடசாமி நாயுடு பிறந்தார். தந்தையார் இராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். அவர் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் குடும்பம் விசாகப்பட்டினத்தில் குடியேறியது. சிறுவனும் அக்கடற்கரை ஊரிலேயே வளர்ந்தான்.

பையனுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. பள்ளியில் கரும்பலகையில் எழுதியது அவனுக்குத் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியும் கண் வைத்தியமும் எல்லார்க்கும் எட்டாதிருந்த காலம் அது. பார்வைக் குறைவை முன்னிட்டே அவன் பள்ளியை விட்டு நீக்கப்பட்டான் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இக்காலத்தில் ஒரு குழந்தைக்கு அவ்வாறு நேர்ந்தால் நாம் சும்மா இருப்போமா? அன்று கேட்பார் இல்லை. படிப்பு நின்றுவிட்ட பிள்ளை, கண்ணில்லாமல் எந்த உத்தியோகத்திற்குப் போவான் என்ற கவலை அவ்வீட்டில் எவ்வளவு இருந்திருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் ஊகித்துக் கொள்ளலாம். படிப்பே பிழைப்பு என்றிருக்கும் நம் குடும்பங்களில் இதனினும் பெரிய இடி வேறில்லை.

வீட்டிலே பிடில் இருந்தது. தமையனார் வேங்கடகிருஷ்ணையா அதனை நன்கு வாசிக்கக் கூடியவர். அவரே தம்பிக்குக் குருவானார். பார்த்துப் படிக்க வேண்டிய பாடமன்று இது. கேட்டு, விரலால் தொட்டு அறிய வேண்டிய பாடம். கரும்பலகையைக் காண இயலாத பையன் தந்தியின் மேல் அணு அணுவாக இடம் கண்டான். பிடிலில் வீணையைப் போல மெட்டுக்கள் கிடையா. காந்தாரம் எங்கே முடிகின்றது, மத்தியமம் எங்கே தொடங்குகின்றது என்று காட்டும் கோடு ஏதும் அதன் கழுத்தில் இல்லை. கண்ணுடையவனுக்கும் அங்கே கண் பயன்படாது. காது ஒன்றே வழிகாட்டி. இவ்வகையில் நாயுடு அவர்கள் மற்ற மாணவர்களுக்கு ஒரு சிறிதும் குறைந்தவரல்லர்.

தஞ்சை மாவட்டத்துப் பிள்ளைகளைப் போலப் பெரிய வித்வானின் வீட்டில் பத்தாண்டு, பன்னிரண்டாண்டு குருகுலவாசம் செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கேள்வி ஞானமே அவருடைய பெருநிதி. நல்ல இசை எங்கு நடந்தாலும் சென்று கேட்பதும், கேட்டதை வீட்டிற்கு வந்து வாத்தியத்தில் தேடுவதும் அவர் வழக்கம். பிற்காலத்தில் மாணாக்கர்க்கும் அவர் இதனையே வற்புறுத்தினார். வாசிக்கும் நேரத்தைப் போலவே கேட்கும் நேரமும் சாதகமே என்பது அவர் கொள்கை. அவர் வளர்ந்த பகுதி வீணைக்குப் பேர்போன பகுதி என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். பொப்பிலி வீணை என்பது இன்றும் புகழ்பெற்ற பொருள். பொப்பிலி, விஜயநகரம், பிட்டாபுரம் ஆகிய சமஸ்தானங்களில் சிறந்த வைணிகர்கள் வாழ்ந்து வந்தனர். வீணையில் ஒரு தந்தியை ஒரு முறை மீட்டினால், அந்த நாதம் அடங்குமுன் விரலை இழுத்து நாலைந்து ஸ்வரங்களைப் பேச வைப்பார்கள். நாயுடு அவர்களின் பிடிலில் ஓர் அமைதியும், ஸ்வரத்திற்கு ஸ்வரம் இடைவெளி விட்டு நிற்கும் நிதானமும் இருந்தமைக்கு இந்த வீணைக் காற்றும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

இனி அவர் வாழ்வின் திருப்பத்தைக் கூறுவோம். ஹௌரா–சென்னைப் பெருவழியில், வால்டேருக்கு வடக்கே, ராய்ப்பூர்ப் பாதை பிரியும் ஜங்ஷன் விஜயநகரம். நம்மில் பலர் ஊருக்குப் போகும்போது உறங்கிக்கொண்டே அதனைக் கடந்திருப்போம். இது ஹம்பியிலுள்ள பழைய விஜயநகரம் அன்று. வட ஆந்திரத்துச் சமஸ்தானம். அங்கே 1919-இல் மகாராஜா விஜயராம கஜபதி ராஜு ஒரு சங்கீதக் கல்லூரியைத் தொடங்கினார். அது தோன்றிய வரலாறு கேட்கத்தக்கது. மகாராஜாவைச் சார்ந்த பிரமுகர் ஒருவருக்குப் பார்வையற்ற மகன் இருந்தான். இசையில் ஆர்வமுள்ள அவன் முறையாகப் பயிலவேண்டும் என்ற நோக்கத்தினின்றே அக்கல்லூரி எழுந்தது என்பர். ஹரிகதைக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் ஆதிபட்ல நாராயண தாசர் அதன் முதல் தலைவராக அமர்ந்தார்.

அக்கல்லூரிக்கு வேங்கடசாமி நாயுடு போனது மாணவராகச் சேர்வதற்கே என்றும், அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் வியந்து அவரை ஆசிரியராகவே அமர்த்திவிட்டனர் என்றும் ஒரு செய்தி வழங்குகின்றது. அது எவ்வாறாயினும், அதே 1919-இல், தம் இருபத்தாறாவது வயதில், அவர் அங்கே பிடில் பேராசிரியரானார் என்பது உறுதி. பார்வைக் குறைவினால் ஒரு பள்ளியின் வாயிலைக் கடந்து வெளியே வந்தவர், பார்வையற்ற பிள்ளை ஒருவனை முன்னிட்டுப் பிறந்த கல்லூரியில் ஆசிரியராக நுழைந்தார். 1936-இல் நாராயண தாசருக்குப் பின் அவரே அக்கல்லூரியின் தலைவராகவும் ஆனார்.

வித்வான்களின் வரலாற்றில் பெரும்பாலும் நாம் காண்பது ஊர் ஊராகச் சென்று கச்சேரி செய்தல், ஜமீன்தார்களின் சன்மானம், தோடா, சால்வை என்பனவே. நாயுடு அவர்களுக்கும் அவை வந்தன. ஆனால் அவர் வாழ்வின் நடுத்தண்டு கல்லூரி வேலையே. காலையில் மணி அடித்தால் வகுப்பு, மாணவர்க்குச் சரளி வரிசை, பிறகு நிருவாகம் என்று சென்ற நாட்கள் அவை. இத்தகைய வேலை கலைஞனின் கற்பனையைக் காய வைத்துவிடும் என்று சிலர் கூறுவதுண்டு. பதிவேடும் கையுமாய்க் காலங்கழிக்கும் நமக்கும் சில நாட்களில் அப்படித் தோன்றத்தான் செய்கின்றது. நாயுடு அவர்களின் வாழ்க்கை அதற்கு எதிரிடையாக உள்ளது. தினந்தோறும் புது மாணவனுக்கு முதல் ஸ்வரத்தை வாசித்துக் காட்ட வேண்டியவர், அந்த முதல் ஸ்வரத்தை எவ்வளவு தூய்மையாக வாசிக்கலாம் என்பதை ஆராய்ந்து கொண்டே இருந்தார். அவருடைய நாத சுத்தத்திற்கு வகுப்பறையும் ஒரு காரணம் என்றே நாம் நம்புகின்றோம்.

பிடில் வித்வான் என்றால் அக்காலத்தில் பக்கவாத்தியக்காரர் என்றுதான் பொருள். அத்தொழில் எளிதன்று. பாடகர் இராகம் பாடும்போது நிழல் போல் பின்தொடர வேண்டும். முந்தவும் கூடாது, மிகப் பிந்தவும் கூடாது. அவர் முடித்தபின் தன் முறை வரும்போது அதே இராகத்தைப் பாடகரினும் குறுகிய நேரத்தில், அவர் காட்டிய அழகுகளையும் மறவாமல், தன் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்து வாசித்து முடிக்க வேண்டும். கல்பனை ஸ்வரத்தில் பாடகர் எறிவதை அந்தக் கணமே பிடித்துத் திருப்பியெறிய வேண்டும். அவர் அன்று எதைப் பாடப் போகின்றார் என்பது முன்கூட்டித் தெரியாது. இதனை நாயுடு அவர்கள் மனமொப்பிச் செய்தார். பாட்டின் போக்கிற்கு இசைந்து, பாடகரை மிஞ்சிக் கைதட்டல் வாங்கும் ஆசையின்றி வாசிப்பார் என்று இரசிகர் பாராட்டினர். கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளை, மைசூர் சௌடையா, துவாரம் நாயுடு என்ற மூவரையும் பிடிலின் மும்மூர்த்திகள் என்று அக்காலத்தவர் சேர்த்துக் கூறுவது வழக்கம்.

ஆயினும் அவர் உள்ளத்தில் வேறோர் எண்ணம் இருந்தது. பிடில் தனியே ஒரு கச்சேரிக்குப் போதுமானது. அது யாருக்கும் துணையாக மட்டுமே இருந்து தீரவேண்டியதில்லை என்பதே அது. அவருக்கு முன்னும் பெரியோர் சிலர் தனியே வாசித்ததுண்டு. ஆனால் பாட்டுக் கச்சேரிக்கு ஒப்பான முழுக் கச்சேரியாக, டிக்கட் வாங்கி வந்து அமரும் சபையார் முன், பிடிலை நடுநாயகமாக வைத்து நடத்துவது என்பது வேரூன்றவில்லை. 1938-இல் வேலூரில் நாயுடு அவர்கள் தனிக் கச்சேரி செய்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அதன் பின்னர் தென்னாட்டுச் சபைகளில் பிடில் தனிக் கச்சேரி என்பது ஒரு நிலையான வகையாகவே ஆயிற்று. இன்று அது மிகச் சாதாரணமாகத் தோன்றும். டிசம்பர் மாதத்துச் சென்னை நிகழ்ச்சி நிரலைப் புரட்டினால் பிடில் தனி வாசிப்பு, இரட்டைப் பிடில், மூவர் பிடில் என்று வகை வகையாகக் காண்கின்றோம். அவற்றிற்குப் பாதை போட்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

அப்பாதையில் இருந்த இடர் யாது என்பதை அன்பர்கள் சிந்திக்க வேண்டும். பாட்டுக்குச் சொல் உண்டு. இராகத்தின் நுட்பம் அறியாதவரும் இராமா என்றோ முருகா என்றோ கேட்டவுடன் உள்ளம் நெகிழ்வர். பிடிலுக்கு அந்த உதவி இல்லை. கீர்த்தனையை வாசிக்கும்போது, சாகித்தியத்தின் எழுத்து எங்கே விழுகின்றதோ அங்கே வில்லை அழுத்தியும், நீண்ட எழுத்துக்கு நீண்ட வில் போட்டும், சொல்லைக் கேட்பவர் மனத்திலே எழுப்ப வேண்டும். வில்லை எங்கே திருப்புவது என்பது ஒரு பெரிய சாத்திரம். அது தவறினால் சொல் இரண்டாக உடைந்து பொருளே கெட்டுவிடும். நாயுடு அவர்கள் இதில் மிக்க கவனம் செலுத்தினார். பாட்டைத் தெரிந்தவர்களுக்கு அவர் பிடிலில் எழுத்துக்கள் கேட்கும்.

மற்றோர் இடர் ஒலியைப் பற்றியது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பிடிலின் ஓசை பின் வரிசைக்கு எட்டாது. இக்குறையைப் போக்கவே மைசூர் சௌடையா மூன்று தந்திகளைக் கூடுதலாகச் சேர்த்து ஏழு தந்திப் பிடிலை உண்டாக்கினார்; கம்பீரமான ஓசை கிடைத்தது. நாயுடு அவர்கள் நான்கு தந்திகளோடேயே நின்றார். ஓசையைப் பெருக்குவதற்குப் பதிலாக அதனைத் தெளிவாக்கினார். மிருதுவாக, நீளமாக, வில் தந்தியில் உராயும் கரகரப்புச் சிறிதும் இன்றி ஒலித்த அந்த நாதத்திற்காகச் சபை தானே அடங்கிப் போய்விடும் என்பர். இருவரும் மேதைகள், இருவர் வழியும் வெவ்வேறு. எது சிறந்தது என்று பழைய இரசிகர்கள் தெருத் திண்ணைகளில் சண்டையிட்டதுண்டு. நம்மைக் கேட்டால், சௌடையாவைக் கல்யாண மண்டபத்தில் கேட்க வேண்டும், நாயுடுவை விளக்கைத் தணித்த சிறு அறையில் கேட்க வேண்டும் என்போம்.

மேனாட்டு முறையையும் அவர் புறக்கணிக்கவில்லை. ஐரோப்பியப் பிடில் மேதைகளின் இசைத்தட்டுக்களை ஆவலோடு கேட்டார். வில்லைப் பிடிக்கும் முறை, மணிக்கட்டை இலகுவாக வைத்தல், ஒவ்வொரு ஸ்வரத்திற்கும் தனித்தனி விரல் வைத்து வாசிக்கும் துல்லியம் ஆகியவற்றை அவர்களிடமிருந்து எடுத்துக் கொண்டார். ஆனால் இராகத்தின் உயிரான கமகத்தை எள்ளளவும் விட்டுக் கொடுக்கவில்லை. இந்தச் சேர்க்கையை அவர் விளம்பரப்படுத்தவும் இல்லை. இரு நாட்டிசையையும் கலந்து புதுமை செய்கின்றோம் என்று முழங்குவோர் மலிந்த இந்நாளில் அவருடைய பழைய தட்டுக்களைக் கேட்டால், எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அது முற்றிலும் நம்முடையதாகவே ஒலிப்பதைக் காணலாம்.

1941-இல் சென்னை சங்கீத வித்வத் சபை தன் ஆண்டு மாநாட்டுக்கு அவரைத் தலைவராக்கிற்று. சங்கீத கலாநிதி என்று இன்று நாம் கூறும் விருதின் வரிசையில் இடம்பெற்ற பிடில் வித்வான்களுள் அவரே முதல்வர். அதற்கு முன் அவ்வாசனத்தில் அமர்ந்தவர்கள் பாகவதர்களும் சாகித்தியகர்த்தாக்களும் இலக்கண வல்லுநர்களுமே. இராஜமாணிக்கம் பிள்ளைக்கு அப்பெருமை 1948-இலும், சௌடையாவுக்கு 1957-இலும் வந்தன. காவிரிக் கரைக்கு வெகு தொலைவில், சமஸ்தானக் கல்லூரி ஒன்றில் பாடம் சொல்லிக் கொண்டிருந்த ஒருவரைத் தேடி இப்பெருமை வந்ததைத் தலைநகரத்திலேயே இருந்தால்தான் முன்னேறலாம் என்று கூறும் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

1952-இல் உலகப் புகழ் பெற்ற பிடில் மேதை யெஹூதி மெனூஹின் இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் நீதிபதி பி. வி. இராஜமன்னார் அவர்களின் இல்லத்தில் நாயுடு அவர்களின் வாசிப்பைக் கேட்டு மெனூஹின் பெரிதும் வியந்தார். ஒருவர் நின்று வாசிப்பவர். மற்றவர் தரையில் அமர்ந்து வாசிப்பவர். ஒருவர் எழுதி வைத்ததை வாசிப்பவர். மற்றவர் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பவர். வாத்தியமோ ஒன்றே. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் மேனாட்டாரிடம் நாம் வாங்கிக் கொண்ட பிடிலை, ஒன்றரை நூற்றாண்டுக்குள் அவர்களே வந்து கேட்டு அதிசயிக்கும்படி செய்துவிட்டோம் என்று எண்ணும்போது உள்ளம் பூரிக்கின்றது. அதே ஆண்டில் டில்லியில் பார்வையற்றோர் நிதிக்காகவும் நாயுடு அவர்கள் வாசித்தார். தம் குறையை அவர் மறக்கவில்லை. அக்குறையுடைய பிறரையும் மறக்கவில்லை.

1953-இல் சங்கீத நாடக அகாடமியின் விருதும், 1957-இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தன. ஆந்திரப் பல்கலைக்கழகம் கலாப்ரபூர்ண என்னும் கௌரவப் பட்டத்தை அளித்தது. 1964-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், எழுபத்தொரு வயது நிரம்பிய சில நாட்களில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் விட்டுச் சென்றவற்றுள் முதன்மையானது அவர் குடும்பத்திலும் கல்லூரியிலும் தழைத்த பிடில் மரபே. துவாரம் பாணி என்றே அதனைக் கூறுவர். குமாரத்தி மங்கத்தாயாரு அவர்கள் சிறந்த பிடில் விதுஷியாக விளங்கினார். பெண்கள் பிடிலை எடுத்து மேடையேறுவது அரிதாக இருந்த நாட்களில் தம் மகளுக்கு அவர் வில்லைக் கையில் கொடுத்தது நம் கவனத்திற்குரியது. உறவினரான துவாரம் நரசிங்கராவ் நாயுடு அவர்கள் விஜயநகரத்திலே பலரைப் பயிற்றுவித்தார். அவரிடம் பயின்றவருள் ஒருவர்தாம் 1991-இல் சங்கீத கலாநிதியான பாடகர் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி.

இசை மேடைப் பக்கமே போகாதவர்களுக்கும் அக்கல்லூரியோடு ஓர் உறவு உண்டு. நம் வீட்டு வானொலியில் ஐம்பது, அறுபது ஆண்டுகளாக ஒலித்துவரும் கண்டசாலா அவர்களின் குரல் விஜயநகரத்துக் கல்லூரியில் பயிற்சி பெற்ற குரலே. வறுமையில் அவ்வூருக்கு வந்து, வீடு வீடாகச் சென்று உணவு பெற்றுப் படித்தவர் அவர். அங்கே பட்ராயனி சீதாராம சாஸ்திரியாரிடம் வாய்ப்பாட்டுப் பயின்றார். விஜயநகரத்திலே பிறந்த பி. சுசீலா அவர்களும் அக்கல்லூரியில் இசை பயின்றவரே. துவாரம் குடும்பத்தைச் சேர்ந்த பாவநாராயண ராவ் அவர்களின் மாணவி. சுசீலா பாடிய எந்தத் தமிழ்ப் பாட்டையாவது கவனித்துக் கேளுங்கள். ஒரு ஸ்வரமும் அலையாமல் தன் இடத்தில் நிற்பதைக் காண்பீர்கள். அது எந்த ஊர்ப் பயிற்சி என்று இனி நம் பெண்மணிகள் அடுக்களையில் பாட்டுக் கேட்கும்போதும் நினைவு கூரலாம்.

1993-இல் அவர் பிறந்த நூற்றாண்டு வந்தது. இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த ஒரு ரூபாய்த் தபால் தலையை வெளியிட்டது. விசாகப்பட்டினத்தில் அவர் பெயரால் ஒரு கலாக்ஷேத்திரம் உள்ளது. விஜயநகரத்துக் கல்லூரி பின்னாளில் அரசாங்கக் கல்லூரியாகி நடந்து வருகின்றது. அவர் வாசிப்பு நிமிடக் கணக்கில் ஓடும் பழைய 78 சுற்று இசைத்தட்டுக்களிலும் வானொலிப் பதிவுகளிலும் சிறிதளவே எஞ்சியுள்ளது. எஞ்சியதைக் கைப்பேசியிலேயே கேட்கும் வசதி இந்நாளில் வந்துவிட்டது. காபி இராகத்தில் அமைந்த தியாகையர் கீர்த்தனை ஒன்றை அவர் வாசித்த பதிவு கிடைக்கின்றது. அதனை முதலிற் கேட்குமாறு பிடில் பயிலும் நம் காலனிப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். தட்டின் கீறல் ஓசை தொடக்கத்தில் காதில் விழும். இரண்டாம் முறை கேட்கும்போது அது தெரியாது.